சுமந்து செல்லும் படகு: வட அமெரிக்கக் கனூப் பயண மரபு உருவான வரலாறு

முன்னுரை

கனடாவின் ஒன்டாரியோ மாகாணமும் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலமும் தொட்டுக்கொள்ளும் எல்லைப் பகுதியில் ஏரிகள் நெருங்கி நெருங்கிக் கிடக்கின்றன. கோடை வந்துவிட்டால் கூடாரத்தையும் உணவு மூட்டையையும் கனூ என்னும் துடுப்புப் படகில் ஏற்றிக்கொண்டு, துடுப்பை மட்டும் நம்பி அந்த ஏரிகளுக்குள் நாட்கணக்கில் பயணம் போகிறவர்கள் ஏராளம். ஓர் ஏரி முடிந்ததும் படகைக் கவிழ்த்துத் தோளில் ஏற்றி, காட்டு வழியே நடந்து, அடுத்த ஏரியில் இறக்குவார்கள். போர்ட்டேஜ் எனப்படும் இந்தச் சுமைநடைதான் இப்பயண முறைக்கு உயிர்நாடி.

பிழைப்புக்கும் வணிகத்துக்கும் ஓடிய ஒரு படகு எப்படி மக்கள் மனம் விரும்பிச் செல்லும் பயணமாயிற்று, அந்த விருப்பம் எப்படிக் காடுகளைக் காக்கும் சட்டமாயிற்று என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இந்த ஈடுபாடு ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவர் இன்னொருவருக்குக் கற்றுக்கொடுத்ததால் வளர்ந்தது; அப்படிப் பகிரப்பட்டதால்தான் அந்த நீர்வழிகள் இன்றும் பெரும்பாலும் அணையும் சாலையும் இன்றி இருக்கின்றன. ஆனால் முதலில் கற்றுக்கொடுத்த முதற்குடி மக்களுக்கு அந்தக் காப்பில் பங்கு மறுக்கப்பட்டது. இந்த வரலாற்றை முழுமையாகச் சொல்ல வேண்டுமென்றால் இவ்விரண்டையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

நிலம் கேட்ட படகு

கனடியக் கேடயம் என்று புவியியலாளர் அழைக்கும் பழம்பாறை நிலத்தைப் பனியுகத்தின் பனிப்படலங்கள் சுரண்டிக் குழிகளாக்கின. பனி உருகியபின் குழிகள் ஏரிகளாயின. அவற்றை இணைக்கும் ஆறுகள் குட்டையானவை, பாறையிலும் அருவியிலும் உடைந்து ஓடுபவை. கனமான பலகைப் படகு அங்கே முதல் அருவியோடு நின்றுவிடும். ஆள் தூக்கக்கூடிய எடையும், மூட்டை முடிச்சோடு மனிதரைத் தாங்கும் வலுவும் ஒருங்கே உள்ள படகு அந்த நிலத்துக்குத் தேவைப்பட்டது. அல்கொன்குவின், அனிஷினாபே, கிரீ, அத்திக்கமெக் முதலிய மக்கள் பிர்ச் மரப்பட்டையால் அதைச் செய்தார்கள்.

அந்தத் தொழில்நுட்பத்தை அருகிருந்து பார்க்க ஓர் ஆவணம் இருக்கிறது. கனடியத் தேசியத் திரைப்பட வாரியம் 1971இல் வெளியிட்ட ‘சீசரின் மரப்பட்டைக் கனூ’ என்னும் படத்தில், கியூபெக்கின் மனவான் பகுதியைச் சேர்ந்த 67 வயது அத்திக்கமெக் கைவினைஞர் சீசர் நெவாஷிஷ் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு படகு செய்கிறார். படத்தில் வருணனைக் குரல் இல்லை, கைகள்தான் பேசுகின்றன. இம்மரபில் நல்ல பிர்ச் மரத்தின் பட்டையை நீளவாக்கில் கீறி ஒரே விரிப்பாக உரிப்பார்கள். அதைத் தரையில் விரித்து, கல் பாரம் வைத்து, சுற்றிலும் முளை அடித்து நிமிர்த்துவார்கள். மரத்தோடு ஒட்டியிருந்த பக்கம் படகின் வெளிப்புறமாகும். நாம் காட்டில் பார்க்கும் வெண்ணிறப் பக்கம் உள்ளே போய்விடும். தையலுக்கு ஸ்புரூஸ் மரத்தின் வேரைப் பிளந்து எடுத்த நார். மூட்டுகளை அடைக்க அதே மரத்தின் பிசினோடு கொழுப்பு சேர்த்துக் காய்ச்சிய பசை. உடல் முழுவதும் தைத்து முடிந்தபிறகுதான் உள்ளே எலும்பு வரும். வெண் சிடார் மரத்திலிருந்து பிளந்து, வெந்நீர் ஊற்றி வளைத்த விலாச் சட்டங்களை ஒவ்வொன்றாக உள்ளே தட்டி இறுக்குவார்கள். குடைக்கம்பி துணியை விறைப்பாகப் பிடிப்பதுபோல அந்தச் சட்டங்கள் பட்டையை விறைப்பாக்கிப் படகுக்கு வடிவம் தருகின்றன.

ஐரோப்பியக் கப்பல் கட்டுவோரின் வழக்கம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. அவர்கள் முதலில் எலும்புக்கூட்டை நிறுத்தி, பிறகு பலகை அடிப்பார்கள். கனூவுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. வழியில் பாறை கிழித்தால் அதைச் செப்பனிடும் பட்டையும் வேரும் பிசினும் ஒதுங்கும் கரையிலேயே கிடைக்கும்.

வணிகம் பிடித்த வழி

பிரெஞ்சுப் பயணி சாமுவேல் த ஷாம்ப்ளேன் 1603இல் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் வேகநீர்ப் பகுதியில் தன் படகுகள் செல்ல முடியாமல் நின்றபோது, கனூவின் அருமையை உணர்ந்தார். 1615இல் முதற்குடி வழிகாட்டிகளோடு ஒட்டாவா ஆறு, நிப்பிசிங் ஏரி, பிரெஞ்சு ஆறு வழியாக ஜார்ஜிய வளைகுடாவை அடைந்தார். அதற்குப் பின் இரண்டு நூற்றாண்டுகள் பீவர் தோல் வணிகம் இந்த வழிகளில்தான் ஓடியது.

படகும் பெருத்தது. மான்ட்ரியலிலிருந்து சுப்பீரியர் ஏரி வரை ஓடிய பெருங்கனூ சுமார் 11 மீட்டர் நீளம். சுமார் 3 டன் சரக்கு ஏற்றும். ஏரியின் மேற்குக் கரையில் சரக்கை மாற்றி, அதைவிடச் சிறிய வடக்குக் கனூவில் உள்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். வோயாஜர் எனப்பட்ட துடுப்பாளிகள் போர்ட்டேஜ் பாதையில் தலா 41 கிலோ மூட்டை இரண்டை ஒரு நடைக்குச் சுமந்தார்கள். கிராண்ட் போர்ட்டேஜ் என்னும் பாதை மட்டும் சுமார் 13.7 கி.மீ. இதை எவரும் இன்பப் பயணம் என்று எண்ணியிருக்க முடியாது.

1821இல் தோல் வணிக நிறுவனமான நார்த் வெஸ்ட் கம்பெனி, அதன் போட்டி நிறுவனமான ஹட்சன் பே கம்பெனியோடு இணைந்தபின் மான்ட்ரியல் வழியின் முக்கியத்துவம் குறைந்தது. ஆயினும் அந்த வாழ்க்கையின் கடைசிக் காலத்தை ஓவியர் பிரான்சிஸ் ஆன் ஹாப்கின்ஸ் பதிந்து வைத்தார். ஹட்சன் பே கம்பெனி அதிகாரி ஒருவரின் மனைவியான அவர் 1860களில் தாமே கனூவில் பயணம் செய்தவர். துடுப்பாளிகளின் நடுவே தன்னையும் அமர்த்தி அவர் தீட்டிய ஓவியங்கள், சுமைப் படகைக் கண்ணுக்கினிய காட்சியாக நகரத்து மக்கள் முன் வைத்தன.

வேலையிலிருந்து விருப்பத்துக்கு

கனூவைப் பொழுதுபோக்காக்கிய முதல் அலை நகர்ப்புறத்திலிருந்து வந்தது. ஸ்காட்லாந்துக்காரரான ஜான் மெக்ரெகர் 1865இல் ‘ராப் ராய்’ என்னும் சிறுபடகில் ஐரோப்பிய ஆறுகளைச் சுற்றிவந்து எழுதிய நூல் 1866இல் வெளியாயிற்று. 1880இல் அமெரிக்காவின் லேக் ஜார்ஜ் கரையில் அமெரிக்கன் கனூ சங்கம் தோன்றியது. 1869இல் வில்லியம் ஹென்றி ஹாரிசன் மர்ரே என்னும் போதகர் அடிரொண்டாக் மலைக்காடுகளைப் பற்றி எழுதிய நூலைப் படித்துவிட்டு நகரவாசிகள் கூட்டம் கூட்டமாக அங்கே போனார்கள். ஒரு நூல் ஒரு காட்டுக்கு ஆட்களை அழைத்துவரும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

செல்வரின் விளையாட்டைச் சாதாரண மனிதரின் பயணமாக்கியதில் ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸுக்குப் பெரும்பங்கு உண்டு. அவர் உருவில் சிறியவர், நோயாளி, செருப்புத் தைத்துப் பிழைத்தவர். வழிகாட்டி வைத்துக்கொள்ள வசதியில்லாதவர்களும் தனியே காட்டுக்குப் போகலாம் என்று ‘ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீம்’ இதழில் எழுதிக்கொண்டே இருந்தார். படகு கட்டுநர் ஜே. ஹென்றி ரஷ்டன் 1883இல் அவருக்கென்று செய்துகொடுத்த ‘செய்ரி கேம்ப்’ என்னும் கனூவின் எடை 4.8 கிலோதான். அந்தப் படகில் அவர் அக்கோடையில் 425 கி.மீ.க்கு மேல் பயணம் செய்தார். ‘நெஸ்முக்’ என்னும் அவருடைய புனைபெயர், சிறுவயதில் அவருக்குக் காட்டைப் பழக்கிய நரகான்செட் இன மனிதரின் பெயர். கற்றவர் தம் ஆசிரியரின் பெயரைத் தாங்கி எழுதிய அரிய நிகழ்வு இது.

இதே காலத்தில் பட்டையின் இடத்தைக் கித்தான் துணி பிடித்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மெய்ன் மாநிலத்துப் பட்டறைகள் இரும்புப் பட்டை பதித்த மர அச்சின்மேல் சிடார் சட்டங்களை வளைத்துப் பலகை அடித்தன. அடித்த ஆணியின் நுனி இரும்பில் முட்டித் தானே மடங்கிப் பிடித்துக்கொள்ளும். மேலே கித்தானை இழுத்து ஒட்டினால் படகு தயார். ஒரே அச்சில் எத்தனை படகு வேண்டுமானாலும் எடுக்கலாம். பொருள் மாறியது, வளைந்த முனை, அகன்ற வயிறு, உள்ளே சிடார் விலா என்னும் முதற்குடி வடிவம் மட்டும் மாறவில்லை.

முகாம்கள் வளர்த்த தலைமுறை

ஒன்டாரியோ அரசு 1893இல் அல்கொன்குவின் பூங்காவை அமைத்தது. காட்டையும் விலங்குகளையும் ஆறுகளின் ஊற்றுப் பகுதிகளையும் காப்பதே அப்போதைய நோக்கம். சில ஆண்டுகளில் அதன் வழியே ரயில் ஓடியது, பயணிகள் இறங்கினார்கள். 1912இல் அங்கு முதன்முறையாக வந்த ஓவியர் டாம் தாம்சன், 1917 ஜூலையில் கனூ ஏரியில் இறக்கும் வரை ஆண்டுதோறும் அங்கே திரும்பினார். அவர் தீட்டிய ‘ஜாக் பைன்’ போன்ற ஓவியங்கள் வழியாக, அந்த ஏரிகளைப் பார்த்தறியாத கனடியர்களும் அவற்றைத் தம் நாட்டின் முகமாக ஏற்றுக்கொண்டார்கள்.

அதே ஏரிக்கரையில் டெய்லர் ஸ்டேட்டன் 1921இல் சிறுவர்க்கு அஹ்மெக் முகாமையும், 1924இல் சிறுமியர்க்கு வாப்போமியோ முகாமையும் தொடங்கினார். கோடை முகாம் என்னும் இந்த அமைப்புதான் கனூப் பயணத்தைப் பரப்பிய உண்மையான பள்ளி. பின்னால் அமர்ந்தவர் ஒரே பக்கம் துடுப்பு போட்டும் படகை நேராகச் செலுத்துவது எப்படி, நுகத்தடியைத் தோளில் பொருத்துவது எப்படி, மழையில் தீ மூட்டுவது எப்படி என்பதையெல்லாம் மூத்த பிள்ளைகள் இளையவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பிற்காலப் பிரதமர் பியேர் ட்ரூடோ அஹ்மெக் முகாமுக்குச் சென்றவர். 1944இல் கனூப் பயணம் மனத்துக்குத் தரும் பயிற்சியைப் பற்றிக் கட்டுரை எழுதிய அவர், பிரதமரான பிறகு 1970இல் வடமேற்கின் நஹானி ஆற்றுக்குப் போனார். அந்த ஆறு அதே பத்தாண்டில் தேசியப் பூங்காவாயிற்று. 1978இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாயிற்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், போர் விமானம் செய்த க்ரம்மன் நிறுவனம் அலுமினியக் கனூவைக் கொண்டுவந்தது. அது மழையிலும் வெயிலிலும் கிடக்கும். வாடகைக்கு விடத் தோதானது. பயணம் மேலும் பலருக்கு எட்டியது. திரைப்பட இயக்குநர் பில் மேசன் தேசியத் திரைப்பட வாரியத்துக்கு எடுத்த படங்களும், 1980இல் எழுதிய ‘பாத் ஆஃப் தி பேடில்’ நூலும், முகாமுக்குப் போக வாய்ப்பில்லாதவர்களுக்கும் துடுப்பு வித்தையைக் கற்றுத்தந்தன.

விருப்பம் சட்டமான விதம்

1909இல் மின்னசோட்டா–ஒன்டாரியோ எல்லையின் ஒருபுறம் சுப்பீரியர் தேசிய வனமும் மறுபுறம் குவெட்டிகோ காப்பகமும் அறிவிக்கப்பட்டன. ஆனால் அறிவிப்பு மட்டும் போதவில்லை. 1925இல் தொழிலதிபர் எட்வர்ட் பேக்கஸ் ரெய்னி ஏரி வடிநிலத்தில் வரிசையாக அணைகள் கட்டத் திட்டம் வைத்தார். அது நிறைவேறியிருந்தால் ஏரிகளின் கரைகளும் தீவுகளும் மூழ்கியிருக்கும்.

எதிர்த்து நின்றவர்களில் முதன்மையானவர் எர்னஸ்ட் ஓபர்ஹோல்ட்சர். அவர் 1912இல் பில்லி மகீ என்னும் ஒஜிப்வே முதற்குடித் துணைவரோடு ஹட்சன் விரிகுடா வரை சுமார் 3,200 கி.மீ. துடுப்பு போட்டவர். அவருடைய வாதத்துக்குப் பின்னால் அத்தகைய பயண அனுபவம் இருந்தது. 1930இல் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய ஷிப்ஸ்டெட்–நோலன் சட்டம், நீர்மட்டத்தை மாற்றுவதைத் தடுத்தது. கரையிலிருந்து 400 அடிக்குள் மரம் வெட்டக் கூடாது என்றது. இந்த 400 அடி கவனிக்கத்தக்கது. காட்டை மரத்தின் விலையால் அளந்த காலத்தில், படகில் செல்பவர் கண்ணுக்கு எட்டும் தூரத்தை ஒரு சட்டம் அளவாக எடுத்துக்கொண்டது.

அடுத்து வந்தவர் வழிகாட்டியும் எழுத்தாளருமான சிகர்ட் ஓல்சன். கடல்விமானங்கள் பயணிகளை நேராக உள் ஏரிகளில் இறக்கத் தொடங்கியபோது அவரும் தோழர்களும் நடத்திய இயக்கத்தால், 1949இல் அதிபர் ட்ரூமன் அப்பகுதி வான்வெளியில் 4,000 அடிக்குக் கீழ் பறக்கத் தடை விதித்தார். 1964இல் காட்டுவெளிச் சட்டம் வந்தது. 1978இல், எல்லையின் அமெரிக்கப் பக்கத்து ஏரிப் பகுதியான பவுண்டரி வாட்டர்ஸுக்கென்றே தனிச்சட்டம் வந்து, மரவெட்டை நிறுத்தியது. மோட்டாரைப் பெரும்பாலான ஏரிகளிலிருந்து விலக்கியது. இன்று அங்கே ஒரு குழுவில் 9 பேருக்கும் 4 படகுக்கும் மேல் கூடாது.

விடுபட்டவர்கள்

குவெட்டிகோ காப்பகம் அமைந்தபோது அதன் எல்லைக்குள் அனிஷினாபே மக்களின் ஒதுக்கீட்டு நிலம் இருந்தது. அங்கு வாழ்ந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள்; 1915இல் அரசு அந்த ஒதுக்கீட்டையே ரத்து செய்தது. அவர்களின் வழித்தோன்றல்களான லாக் லா குரோவா மக்களிடம் ஒன்டாரியோ அரசு 1991இல்தான் மன்னிப்புக் கேட்டது.

கோடை முகாம்களில் நகரத்துப் பிள்ளைகள் முதற்குடிப் பெயர்கள் சூட்டிக்கொண்டு, இறகு அணிந்து, கனூ ஓட்டப் பழகிய அதே ஆண்டுகளில், முதற்குடிப் பிள்ளைகள் உறைவிடப் பள்ளிகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். கனடாவில் அப்பள்ளிகளில் 1,50,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தனர்; கடைசிப் பள்ளி மூடப்பட்டது 1990களில். பெற்றோரிடமிருந்து பட்டை உரிக்கவும் வேர் பிளக்கவும் கற்க வேண்டிய வயதில் அவர்கள் பிரித்து வைக்கப்பட்டார்கள். ஒரு சமூகத்தின் கலை இன்னொரு சமூகத்தின் குழந்தைகளுக்கு விடுமுறைப் பாடமாகவும், சொந்தக் குழந்தைகளுக்கு எட்டாப் பொருளாகவும் ஆனது இந்த வரலாற்றின் பெருங்காயம். கனூப் பயணத்தை நேசிப்பவர் எவரும் இதைக் கடந்துபோகக் கூடாது.

முடிவுரை

முதற்குடிக் கைவினைஞர், வோயாஜர், நெஸ்முக் போன்ற எழுத்தாளர், முகாம் ஆசிரியர், ஓல்சன் போன்ற போராளி என இம்மரபு கைமாறிக் கைமாறி வந்திருக்கிறது. ஓவியமும் எழுத்தும் முகாமும் முன்னதாக மக்களைச் சேர்த்து வைத்திருந்ததால்தான், அணை வரும்போதும் விமானம் வரும்போதும் எதிர்க்க ஆள் இருந்தது. பகிர்தல் முந்தியது, சட்டம் பிந்தியது என்பதே இந்த ஆய்வு காட்டும் வரிசை.

அந்த வரிசையில் நிறைவேறாத கடமை ஒன்று மிஞ்சியிருக்கிறது. அல்கொன்குவின் மக்களின் நில உரிமை குறித்து 2016இல் கொள்கையளவிலான உடன்பாடு கையெழுத்தானது. முழு ஒப்பந்தமாக அது முற்றுப்பெற வேண்டும். பீட்டர்பரோ நகரில் 600க்கும் மேற்பட்ட படகுகளைக் காக்கும் கனடியக் கனூ அருங்காட்சியகம் 2024இல் புதிய கட்டடத்துக்கு மாறியிருக்கிறது. காட்சிக்கு வைத்த படகு போதாது. அதைச் செய்யும் கை அந்தந்தச் சமூகத்திலேயே தொடர வேண்டும், பூங்காக்களின் நிர்வாகத்தில் அவர்களுக்கு முடிவெடுக்கும் உரிமை வேண்டும். டொரொன்டோ வட்டாரத் தமிழ்க் குடும்பங்களுக்கு அல்கொன்குவின் பூங்கா சில மணி நேரக் கார்ப் பயணம்தான். அங்கே முதன்முறையாகத் துடுப்பைப் பிடிக்கும் நம் பிள்ளைகளுக்கு, இந்தப் படகை உருவாக்கியவர் யார், இந்த நிலம் யாருடையது என்பதையும் நீச்சலோடும் துடுப்போடும் சேர்த்தே கற்பிப்போமானால், இம்மரபை நேர்மையாகப் பெற்றுக்கொண்டவர்களாவோம்.