ஆர்க்டிக் தனித்தீவுகளும் செயற்கைக்கோள் வரைபடங்களும்

ஆர்க்டிக் சமுத்திரத்தில் கனடாவின் வடகோடியிலும், கிரீன்லாந்தின் விளிம்பிலும், ருஷ்யாவின் வடகடல்களிலும் சிதறிக் கிடக்கும் ஜனசஞ்சாரமற்ற தீவுகளை, பூமியைச் சுற்றிவரும் செயற்கைக்கோள்கள் எடுத்தனுப்பும் படங்களைக் கொண்டு கணினித் திரையில் ஆராயும் முறை, பூகோள சாஸ்திரத்தின் மிகப் பிந்திய கிளைகளுள் ஒன்றாகும். 1972-ஆம் வருஷம் முதலாவது லாண்ட்சாட் விண்ணில் ஏவப்பட்ட காலத்தில் பெரும்பாலும் நிபுணர்களுக்கே உரியதாக இருந்த இக்காட்சி, 2005-இல் கூகுள் எர்த் வெளிவந்ததாலும், 2008-இல் லாண்ட்சாட் படக் களஞ்சியத்தை அமெரிக்க அரசாங்கம் கட்டணமின்றித் திறந்துவிட்டதாலும், 2014 முதல் ஐரோப்பாவின் சென்டினல் வரிசைச் செயற்கைக்கோள்கள் அதே வழியில் படங்களை வழங்கத் தொடங்கியதாலும், இன்று இணைய வசதியுள்ள எவர்க்கும் கிட்டுவதாயிற்று. இதை வெறும் பொழுதுபோக்கென்று கருதுவோர் உண்டு. ஆனால், கப்பலிலும் சறுக்குவண்டியிலும் சென்றவர்கள் அரும்பாடுபட்டும் முடிக்க இயலாது விட்ட வேலையின் எஞ்சிய பகுதியையே இம்முறை செய்து வருகிறது என்பதும், படத்தைப் படிக்கும் விதி அறியாதவரை அதுவே எளிதில் ஏமாற்றவும் கூடும் என்பதும் இத்துறையின் வரலாற்றை நோக்குவார்க்குத் தெளிவாகும்.

ஆண்டின் பெரும்பகுதி பனிக்கட்டியால் அடைபட்டும், எஞ்சிய சில வாரங்களில் மூடுபனியால் மறைக்கப்பட்டும் கிடக்கும் இக்கடல்களில், ஒரு தீவு இருப்பதையே அறியாமல் அதன் பக்கமாகக் கடந்துபோவது மாலுமிகளுக்கு அரிதாக இருந்ததில்லை. சைபீரியாவின் வடமுனைக்கு எதிரே கிடக்கும் செவர்னயா செம்லியா என்னும் பெருந்தீவுக் கூட்டமே 1913-இல்தான் வில்கிட்ஸ்கியின் கப்பல்களுக்குப் புலப்பட்டது. அதன் கரைகளை அளந்து வரைவதற்கு உஷகோவ், உர்வன்ட்ஸெவ் முதலியோர் 1930 முதல் 1932 வரை அங்கேயே தங்கி உழைக்க வேண்டியிருந்தது. இவற்றினும் வியக்கத்தக்கது வீஸெ தீவின் கதை. பனியில் சிக்குண்டு 1912 முதல் இரண்டாண்டுக் காலம் மிதந்து சென்ற ‘ஸ்வ்யதாயா அன்னா’ என்னும் கப்பலின் பாதைக் குறிப்புகளை ஆராய்ந்த விளாதிமிர் வீஸெ என்ற சமுத்திர சாஸ்திரி, காற்றின் திசைக்கு இணங்காமல் அக்கப்பல் விலகிப்போன ஓரிடத்தைக் கண்டு, அதற்கருகே நிலம் ஒன்று மறைந்திருக்க வேண்டும் என்று 1924-இல் எழுதினார். 1930-இல் அவரே உடன் சென்ற பனியுடைக்கும் கப்பல் அத்தீவை அடைந்தது. நேரில் காணாத நிலத்தைத் தொலைவிலிருந்து கிடைத்த குறிப்புகளைக் கொண்டு ஊகித்தறிதல், செயற்கைக்கோளுக்கு முன்னரே சிறந்த அறிஞர்கள் கையாண்ட வழி என்பதற்கு இதனினும் நல்ல சான்று இல்லை.

ஆகாய விமானம் வந்தபின் பிழைகள் பல திருந்தின. 1915-இல் ஸ்டெபான்ஸன் கண்டு ஒரே தீவென்று வரைபடமேறிய போர்டன் தீவு, உண்மையில் இடையே நீர்ச்சந்தி ஓடும் இரண்டு தீவுகள் என்பது 1947-இல் வெளிப்பட்டது. அடுத்த ஆண்டே, கனடாவின் பாக்ஸ் வளைகுடாப் பகுதியில், 9,500 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட விஸ்தீரணமுள்ள தீவொன்றை விமானப்படையினர் மேலிருந்து கண்டனர். அப்போது பிறந்திருந்த இளவரசரை ஒட்டி அதற்குப் பிரின்ஸ் சார்லஸ் தீவு என்று பெயரிட்டார்கள். இத்தனை பெரிய நிலம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை வரைபடத்தில் இடம்பெறாமல் இருந்ததற்குக் காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. மிகத் தாழ்ந்த சமநிலமாகவும், ஆழமற்ற, பனிக்கட்டி நீங்காத கடலால் சூழப்பட்டதாகவும் இருந்தமையால், கப்பல்கள் அதை அணுகவே இல்லை. 1932-இல் இழுவைக் கப்பல் தலைவர் ஒருவர் அதைக் கண்டு குறித்தும், அக்குறிப்பு வரைபடங்களை எட்டவில்லை. அந்தக் கடல்களில் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய இனுயிட் மக்கள் அதை முன்பே அறிந்திருந்தனர் என்பதையும், ‘கண்டுபிடிப்பு’ என்று நூல்கள் கூறுவதெல்லாம் பெரும்பாலும் வரைபடத்தில் ஏறிய நாளையே குறிப்பதென்பதையும் இங்கே சொல்லாமல் விடுவது நியாயமன்று.

செயற்கைக்கோளுக்கே உரிய முதற்பெருமை லாப்ரடார் கரைக்கு அப்பால் உள்ள ஒரு சிறு பாறைக்குச் சேரும். ஆர்க்டிக் வட்டத்திற்குத் தெற்கே அமைந்ததாயினும் வெண்கரடி உலாவும் குளிர்கடலைச் சேர்ந்த இப்பாறை, சுமார் 25 மீட்டர் அகலமும் 45 மீட்டர் நீளமும் மட்டுமே உடையது. கரையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் நிற்பது. லாண்ட்சாட்டின் அக்காலத்துப் படத்தில் ஒரு புள்ளி தரையில் 80 மீட்டர் அளவைக் குறித்தது. அதாவது பாறை முழுவதும் ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும். அப்படியிருந்தும், அகச்சிவப்புக் கிரணங்களில் கடல்நீர் ஏறக்குறைய முழுக் கருமையாகத் தோன்ற, பாறை ஒளியைத் திருப்பியனுப்பியமையால், சுற்றிலும் கரிய புள்ளிகளிடையே ஒரு புள்ளி மட்டும் சற்றே வெளுத்து நின்றது. 1976-இல் அதை மெய்ப்பிக்கச் சென்ற கனடிய நீர்நிலை அளவைத் துறையின் பிராங்க் ஹால் என்பார், ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்குகையில், பாறையின் உச்சியில் படுத்திருந்த வெண்கரடியொன்று அவர்மீது பாதத்தை வீசவே, உடனே மேலே இழுத்துக்கொள்ளும்படி சைகை காட்டினார். அதன்பின் அத்தீவு லாண்ட்சாட் தீவு என்றே வழங்கலாயிற்று. புள்ளியின் வெளுப்பைப் படமே காட்டிவிட்டது. அங்கே கரடி படுத்திருந்ததை ஆள் சென்றபின்தான் அறிய முடிந்தது.

தனித்தீவுகளுள் திரையில் நிதானமாக நோக்கத்தக்கது, கனடாவின் நூனவுட் பிரதேசத்தைச் சேர்ந்த டெவன் தீவு. 55,000 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்புடைய இது, உலகில் மனிதர் நிலையாக வசிக்காத தீவுகளுள் மிகப் பெரியது. குடியேற்ற முயற்சி நடவாமல் இல்லை. தென்கரையில் டண்டஸ் துறைமுகத்தில் 1924-இல் போலீஸ் சாவடி நிறுவப்பட்டது. 1934-இல் பாபின் தீவிலிருந்து இனுயிட் குடும்பங்கள் அங்கே கொண்டுவரப்பட்டன. கடற்பனியின் கொடுமையால் வேட்டையும் போக்குவரவும் தடைப்படவே, இரண்டே ஆண்டுகளில் அவர்களை அப்புறப்படுத்த நேர்ந்தது. மனிதரை ஓர் எல்லைக் குறியாக நட்டுவைக்க எண்ணிய அரசாங்கக் கொள்கையின் அநீதியை மறைத்து இத்தீவின் தனிமையை மட்டும் புகழ்வது உண்மைக்குப் பொருந்தாது.

ஜூலை மாதத்துத் தெளிந்த படத்தில் இத்தீவு இரண்டு வேறு உலகங்களாகத் தோன்றும். கிழக்கே 1,900 மீட்டர் உயரம்வரை எழும்பிய பனிக்கவிகை. அதன் விளிம்பில் உருகிய நீர் நீலநிறக் குட்டைகளாகத் தேங்கி நிற்கும். மேற்கே செடிகொடி ஏறக்குறைய அற்ற சுண்ணாம்புக்கல் பீடபூமி; ஓடைகள் அறுத்த பள்ளங்கள் அதன்மேல் கிளைகிளையாகப் பிரிந்து ஓடுகின்றன. இம்மேற்குப் பகுதியின் நடுவே, சுற்றியுள்ள தரையைவிட வெளிறிய சாம்பல்நிறத்தில், 20 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விட்டமுடைய வட்டமான தழும்பொன்று புலப்படும். சில கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் ஒன்று மோதியதால் உண்டான ஹாட்டன் பள்ளம் இது. நொறுங்கிக் கலந்த பாறைத் துகளே அந்த வெளிறிய நிறத்திற்குக் காரணம். மரமும் மண்ணும் மறைக்காத குளிர்ப் பாலைவனம் ஆனதால், வெப்பநாடுகளில் காடும் வெள்ளமும் என்றோ அழித்திருக்கக்கூடிய வடிவம் இங்கே மேலிருந்து பார்ப்பவர்க்கு அப்படியே தெரிகிறது. செவ்வாய்க் கிரகத்தை ஒத்த நிலமென்று கருதி 1997 முதல் விஞ்ஞானிகள் கோடைதோறும் இங்கே பாசறையிட்டு ஆராய்ந்ததும் இதனாலேயே.

இனி, வடகரையிலுள்ள ட்ரூலவ் தாழ்நிலத்தை அணுகிப் பார்த்தால், கடலோரத்திலிருந்து உள்நோக்கி, ஒன்றன்பின் ஒன்றாகக் கோடுகள் வளைந்து செல்வதைக் காணலாம். உழவன் கரைக்கு இணையாக ஓட்டிய படைச்சால்களைப் போன்றிருக்கும் அவை, பழைய கடற்கரைகளே. பனியுகத்தின் பெருஞ்சுமையால் அழுந்திய நிலம், பனி உருகியபின் பல்லாயிரம் ஆண்டுகளாக மெல்ல எழும்பி வருகையில், ஒவ்வொரு காலத்து அலைவாய்க் கரையும் மேலேறி, கூழாங்கல் வரம்பாக நிலைத்துவிட்டது. கோடுகளின் இடையே குட்டைகளும் ஈரப்புல்வெளியும் கோடையில் மங்கிய பசுமை காட்டுவதும், கஸ்தூரி எருதுகள் அங்கே மேய்வதும் இவ்வாறமைந்த நிலத்தின் பயனே. தென்மேற்கு மூலையில் டெவனோடு கூழாங்கல் திட்டால் இணைந்த பீச்சி தீவில், 1845-46-இன் குளிர்காலத்தை ஆங்கிலக் கடற்பயணி பிராங்க்ளினின் கப்பல்கள் கழித்தன; அவருடைய குழுவினர் மூவரின் கல்லறைகள் அங்கே உள்ளன. ஒரு புள்ளிக்குப் 10 மீட்டர் என்ற சென்டினல் படத்தில் அவற்றைத் தேடுவது வீண்.

படத்தைப் படிப்பதற்குச் சில எச்சரிக்கைகள் இன்றியமையாதவை. பெரும்பாலான இணைய வரைபடங்கள் மெர்கேட்டர் முறையைத் தழுவியவை. அம்முறையில் 75-ஆவது அட்சரேகையில் நீளமும் அகலமும் ஏறக்குறைய 4 மடங்காகவும், பரப்பு 15 மடங்காகவும் பெருகித் தோன்றும். 85 டிகிரிக்குச் சற்று அப்பால் வரைபடமே வெட்டுண்டு போகும். ஆகவே அளவை அறிய விரும்புவோர் கோளவடிவக் காட்சியையோ துருவத்தை மையமாகக் கொண்ட வரைபடத்தையோ நாட வேண்டும். அடுத்து, மேகமற்ற ஒரே படமாகக் காட்சியளிப்பது உண்மையில் பல நாட்களின், சில வேளை பல ஆண்டுகளின் படங்களைத் துண்டு துண்டாக ஒட்டியது. நேர்கோட்டில் ஒரு பாதி வெண்பனியும் மறுபாதி வெற்றுத்தரையுமாகத் தீவொன்று தோன்றினால், அக்கோடு இயற்கையில் உள்ளதன்று. ஒட்டுப்போட்ட இடமே அது. நீண்ட துருவ இரவில் சூரிய ஒளியை நம்பிய கருவிகள் பயனற்றுப் போகும். இருளையும் மேகத்தையும் ஊடுருவும் ராடார் படங்களே அக்காலத்தில் துணை. மாறாக, துருவத்தை நோக்கிச் செல்லும் செயற்கைக்கோள்களின் பாதைகள் வடக்கே நெருங்கிக் கூடுவதால், வெப்பநாடுகளைவிட இத்தீவுகளை அடிக்கடி படமெடுக்க முடிகிறது. மனிதர் காலடி மிக அரிதாகவே படும் நிலம் இவ்வாறு ஓயாமல் கண்காணிக்கப்படுவது நம் காலத்தின் விசித்திரங்களுள் ஒன்று.

எல்லெப் ரிங்னஸ் தீவில் பல கிலோமீட்டர் விட்டமுள்ள உப்புக் குமிழ்கள் பாறையடுக்குகளைத் துளைத்தெழுந்த வட்டங்களும் இம்முறையில் எளிதில் தெரிகின்றன. ஆனால் ஒரே இடத்தின் படங்களைத் தேதி வரிசையில் வைத்துப் பார்ப்பதே இதன் மெய்ப்பயன். செவர்னயா செம்லியாவின் வவிலோவ் பனிக்கவிகை, நெடுங்காலம் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தபின், 2013-க்குப் பின் வேகமெடுத்து, 2015-இல் நாளொன்றுக்கு 25 மீட்டர் வரை கடலுக்குள் பாய்ந்ததைப் படங்களே காட்டின. நோவயா செம்லியாவின் வடபகுதியில் பனியாறு பின்வாங்கியதால் வெளிப்பட்ட ஐந்து சிறு தீவுகளை ருஷ்ய மாணவி ஒருவர் 2016-இல் படத்தில் கண்டறிய, 2019-இல் கடற்படைக் குழு நேரில் சென்று உறுதி செய்தது.

இதற்கு எதிர்மறையான பாடம் கிரீன்லாந்தின் வடமுனையில் கிடைத்தது. 1978-இல் அங்கே ஊடாக் என்ற சரளைக்கல் திட்டொன்று உலகின் வடகோடித் தீவாகக் குறிக்கப்பட்டது. பின்வந்தோர் அதைக் காணவில்லை. 2021-இல் அறிஞர் குழுவொன்று அதனினும் வடக்கே ஒரு திட்டில் இறங்கியதும், புதிய தீவு கிடைத்ததென்று செய்தி பரவிற்று. மறுவருஷம் அதைச் சுற்றிக் கடலாழத்தை அளந்து பார்த்தபோது, அது தரைதட்டிய பனிப்பாறையின்மேல் படிந்த கல்லும் மண்ணுமே என்று தெரியவந்தது. ஆகவே கிரீன்லாந்தின் வடகரையை அடுத்த காபெக்ளுப்பன் தீவே இன்று வடகோடி நிலமாகக் கொள்ளப்படுகிறது. மேலிருந்து பார்த்ததும் போதவில்லை, காலால் மிதித்ததும் போதவில்லை. அடியில் இருப்பதையும் அளந்தபின்னரே உண்மை வெளிப்பட்டது.

வால்ரஸ் விலங்குகள் கரையேறிக் கூடும் இடங்களை நுண்ணிய செயற்கைக்கோள் படங்களில் பொதுமக்களைக் கொண்டே கண்டறிந்து எண்ணும் திட்டத்தை, உலக வனவிலங்கு நிதியமும் பிரிட்டிஷ் அண்டார்டிக் ஆய்வகமும் 2021-இல் தொடங்கின. இத்தகைய திட்டங்களில் சேர்வதற்குப் பட்டமும் பதவியும் வேண்டியதில்லை, பொறுமையே வேண்டும். இத்தீவுகளில் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தொடர்ந்து பார்க்க விழையும் வாசகர்கள், தாம் காணும் ஒவ்வொரு படத்தின் தேதியையும், அது எந்தச் செயற்கைக்கோள் எடுத்ததென்பதையும் இடக்குறியோடு சேர்த்து எழுதி வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். அவை இல்லாத குறிப்பு எத்துணை அரியதாயினும் பிறர்க்குப் பயன்படாது.