திரும்ப நிரப்ப முடியாத போத்தல்

ஒருமுறை காலியான போத்தலை மறுபடி நிரப்பவே முடியாதபடி செய்யலாமா? 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் பலர் இதற்காக மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டார்கள். காரணம் இருந்தது. பெயர் பெற்ற விஸ்கியின் காலிப் போத்தலில் மலிவுச் சரக்கை ஊற்றி அதே விலைக்கு விற்றுவிடுவார்கள். லேபிள் அசல், உள்ளே இருப்பது போலி!

கண்டுபிடிப்பாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? போத்தலின் கழுத்துக்குள் கண்ணாடிக் கோலி ஒன்றைப் போட்டார்கள். சாய்த்தால் கோலி விலகி வழிவிடும். நிமிர்த்தினால் விழுந்து அடைத்துக்கொள்ளும். மேலிருந்து ஊற்றினாலோ இன்னும் இறுக அடைக்கும். பிரமாதமான யோசனைதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: மது வெளியே வர வேண்டுமென்றால் காற்று உள்ளே போயாக வேண்டும். காற்றுக்கு விட்ட வழியை ஏமாற்றுக்காரன் சும்மா விடுவானா? சாய்த்து வைத்துச் சொட்டுச் சொட்டாக இறக்கலாம். உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்தும் நிரப்பலாம். போதாக்குறைக்கு, இத்தனை பாகங்களையும் பொருத்தினால் போத்தலின் விலை ஏறிவிடும்.

1933 டிசம்பரில் அங்கே மதுவிலக்கு நீங்கியது. வரி கட்டாத கள்ளச்சாராயம் அசல் போத்தலுக்குள் நுழைந்துவிடுமோ என்ற கவலை அரசுக்கு. அது நாடியது கோலியை அல்ல, சட்டத்தை. இந்தப் போத்தலை விற்பதையும் மறுபடி பயன்படுத்துவதையும் கூட்டரசுச் சட்டம் தடை செய்கிறது என்ற வாசகத்தை 1935 முதல் 1964 வரை மதுப் போத்தல் கண்ணாடியிலேயே வார்க்க வைத்தது. பழைய போத்தல் சேகரிப்பவர்களுக்கு அதன் வயதைக் கணிக்க இன்று அந்த வாசகமும் உதவுகிறது.