எக்ஸ்எஸ்எல்டி

எக்ஸ்எஸ்எல்டி என்பது ஓர் எக்ஸ்எம்எல் ஆவணத்தை வேறொரு எக்ஸ்எம்எல் ஆவணமாகவோ, எச்டிஎம்எல் பக்கமாகவோ, வெறும் உரையாகவோ மாற்றுவதற்கான விதிகளை எழுதப் பயன்படும் கணினி மொழி ஆகும். இவ்விதிகள் அடங்கிய கோப்பு பாணித்தாள் எனப்படும். அதன் பெயர் .எக்ஸ்எஸ்எல் அல்லது .எக்ஸ்எஸ்எல்டி என முடியும். எக்செல் விரிதாளின் பழைய நீட்சியான .எக்ஸ்எல்எஸ் என்பதுடன் இதனைக் குழப்பிக்கொள்வோர் பலர். இரண்டிற்கும் தொடர்பு எதுவும் இல்லை.

வரலாறு

ஜேம்ஸ் கிளார்க் தொகுத்த 1.0 பதிப்பை உலகளாவிய வலைச் சேர்த்தியம் 1999 நவம்பர் 16 அன்று பரிந்துரையாக வெளியிட்டது. ஆவணத்தின் பகுதிகளைச் சுட்டுவதற்கான எக்ஸ்பாத் மொழியும் அன்றே வெளியானது. மைக்கேல் கே தொகுத்த 2.0 பதிப்பு 2007 சனவரியிலும், 3.0 பதிப்பு 2017 சூனிலும் வெளிவந்தன.

கோப்பைப் படித்தல்

பாணித்தாள் ஒரு சாதாரண உரைக்கோப்பு. அதுவே ஓர் எக்ஸ்எம்எல் ஆவணமும் ஆகும். எந்த உரைத்தொகுப்பியிலும் அதனைத் திறக்கலாம். முதலில் வேர் உறுப்பில் உள்ள பதிப்பு எண்ணைக் காண்க. 1999 மார்ச்சில் வெளியான இன்டர்நெட் எக்சுபுளோரர் 5 முந்தைய வரைவொன்றையே பின்பற்றியது. அதற்கென எழுதப்பட்ட கோப்புகளின் பெயர்வெளி வேறு என்பதால், பரிந்துரையைப் பின்பற்றும் செயலிகளில் அவை இயங்கா.

இக்கோப்பை மேலிருந்து கீழாக இயங்கும் நிரலாகப் படித்தல் கூடாது. செயலி மூல ஆவணத்தின் வேரில் தொடங்கி, ஒவ்வோர் உறுப்பிற்கும் பொருந்தும் வார்ப்புருவைத் தேடி எடுக்கிறது. பொருந்துவது இல்லையெனில் உள்ளமை விதிகள் செயற்படும். அவை குறிச்சொற்களை விட்டு உரையை மட்டும் வெளியிடும். வார்ப்புரு எதுவுமற்ற பாணித்தாளும், ஆவணத்தின் உரை முழுவதையும் ஒன்றாகக் கொட்டிவிடும். புதியவர்கள் இதனைப் பிழை என எண்ணுவதுண்டு. ஆனால் இது மொழியின் இயல்பு.

மாற்றுதல்

பாணித்தாளை மட்டும் பிடிஎஃப் கோப்பாக மாற்ற முயல்வது வீண். அதில் இருப்பவை விதிகளே. தரவு எக்ஸ்எம்எல் கோப்பில் உள்ளது. எனவே இரண்டும் கையில் இருத்தல் வேண்டும். லிப்எக்ஸ்எஸ்எல்டி நூலகத்துடன் வரும் எக்ஸ்எஸ்எல்டிபிராக் என்னும் கட்டளைக்கு முதலில் பாணித்தாளையும் அடுத்து எக்ஸ்எம்எல் கோப்பையும் தருதல் வேண்டும். இது 1.0 பதிப்பிற்கு மட்டுமே உரியது. பிந்தைய பதிப்புகளுக்கு மைக்கேல் கே உருவாக்கிய சாக்சன் பயன்படுகிறது. பிடிஎஃப் தேவையெனில், முதலில் எக்ஸ்எஸ்எல்-எஃப்ஓ வடிவிற்கு மாற்றி, பின்னர் அப்பாச்சி எஃப்ஓபி போன்ற மென்பொருளிடம் தரலாம்.

தமிழ் ஆவணங்களில் வெளியீட்டுக் குறியாக்கத்தைக் கவனித்தல் நன்று. அது ஆசுக்கி எனக் குறிக்கப்பட்டிருந்தால், 'அ' என்னும் எழுத்து அ என எழுதப்படும். எச்டிஎம்எல் வெளியீடாயின் உலாவி இதனைச் சரியாகவே காட்டும். வெறும் உரையில் அதற்கு வழியில்லை. யுடிஎஃப்-8 எனக் குறிப்பதே பாதுகாப்பானது.

உலாவி ஆதரவு

எக்ஸ்எம்எல் கோப்பின் தலைப்பில் பாணித்தாளைச் சுட்டும் வரி இருந்தால் உலாவியே மாற்றத்தைச் செய்யும் வசதி நெடுங்காலம் இருந்துவந்தது. எனினும் உலாவிகள் 1.0 பதிப்பைத் தாண்டவில்லை. 2025 இல் கூகுள், குரோம் உலாவியிலிருந்து இவ்வசதியை நீக்கும் திட்டத்தை அறிவித்தது. குறைந்த பயன்பாடும், பழைய நூலக நிரலில் காணப்படும் பாதுகாப்புக் குறைகளும் காரணங்களாகக் கூறப்பட்டன. அமெரிக்கக் காங்கிரசின் மசோதாக்களை எக்ஸ்எம்எல் வடிவில் காட்டும் பக்கங்கள் இதனை நம்பியிருப்பதை எதிர்ப்பாளர்கள் சுட்டிக்காட்டினர்.

வசதி நீக்கப்பட்ட உலாவியில் இத்தகைய பக்கம் அதன் ஆசிரியர் கருதிய வடிவில் தோன்றாது, கோப்பு அழிவதில்லை. கட்டளைவழிச் செயலிகளை இம்முடிவு பாதிக்காது என்பதால், வழங்கியிலேயே எச்டிஎம்எல் ஆக மாற்றி வைக்கலாம். அவ்வாறு செய்வோர் மூல எக்ஸ்எம்எல் கோப்பையும் பாணித்தாளையும் நீக்கிவிடலாகாது. எச்டிஎம்எல் இலிருந்து அவற்றை மீட்டெடுக்க இயலாது.