அஞ்சியபடியே கடலேறியவர்கள்

1544ஆம் ஆண்டு ஜூன் மாதம் வடக்கிலிருந்து வந்த வடுகர் குதிரைப்படை கன்னியாகுமரிக் கரையைச் சூறையாடியது. ஓடி ஒளியக் கரையில் இடமில்லாத மக்கள் கடலுக்குள் நின்ற பாறைகளில் ஏறிக்கொண்டார்கள். பசியிலும் தாகத்திலும் சிலர் அங்கேயே மாண்டார்கள். மணப்பாட்டில் இருந்த மறைப்பணியாளர் பிரான்சிஸ் சவேரியார் செய்தி கேட்டதும் இருபது தோணிகளில் உணவேற்றிக்கொண்டு புறப்பட்டார். எதிர்க்காற்று விடவில்லை. நாள்கணக்கில் போராடிப் பார்த்துவிட்டு, கரைவழியே நடந்து போய்ச் சேர்ந்தார்.

கோட்டாற்றில் அவர் சிலுவையை உயர்த்தி ஒரு படையையே திருப்பி அனுப்பினார் என்பது எங்கள் அம்மச்சிமார் வழிவழியாகச் சொல்லும் கதை. எனக்கு நெருக்கமானவரோ காற்று தடுத்தபோது கால்நடையாகக் கிளம்பிய சவேரியார்தான்.

அந்த ஆண்டின் பிற்பகுதியில் அவர் திருவிதாங்கூர்க் கரைக்கு வந்தார். ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்குக் கொடுத்ததாக 1545 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் சொல்கிறார். கடல் தொழில் செய்த முக்குவர்கள் அவர்கள், என் முன்னோர். அதற்கு முன்பே முத்துக்குளித்துறையில் அவர் ஒரு வழக்கத்தைத் தொடங்கியிருந்தார். நோயாளிகள் இருந்த வீடுகளுக்கெல்லாம் தானே போக முடியாதபோது, தமிழில் செபங்களை மனப்பாடம் செய்த சிறுவர்களை அனுப்பினார். அவர்கள் வீட்டாரையும் அயலாரையும் கூட்டி, படுக்கையைச் சுற்றி நின்று விசுவாசப் பிரமாணம் சொன்னார்கள். பயந்து கிடப்பவரைத் தனியே விடக்கூடாது என்பதை எங்கள் கரைகள் கற்றுக்கொண்டது இப்படித்தான் என்று நம்புகிறேன்.

நான் பிறந்தது திருவனந்தபுரம் பூந்துறையில். அம்மா குளச்சல்காரி. அப்பா கட்டுமரக்காரர். சில தடிகளைக் கயிற்றால் பிணைத்தால் அதுவே கலம். தடிகளுக்கிடையே கடல் ஏறி இறங்கும். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கரையோர அலையைத் தாண்டுவதே உயிர்ப்போராட்டம். அப்பா ஒரு கை கடல்நீரை அள்ளி நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டுதான் மரத்தில் ஏறுவார். “பயமில்லையா அப்பா?” என்று சிறுவயதில் கேட்டேன். “பயம் உண்டு மக்களே. கூட ஆளும் உண்டு” என்றார். அணியத்தில் துடுப்புப் போட்ட சித்தப்பாவையும், புயலில் சீடர்களோடு படகில் இருந்தவரையும் அவர் சேர்த்தே சொன்னார் என்று பின்னால் விளங்கியது.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது பூந்துறை, விழிஞ்ஞம் ஆண்கள் பலர் எச்சரிக்கை எட்டும் முன்பே ஆழ்கடலில் இருந்தார்கள். தோமையார் கோயில் முற்றத்தில் பெண்கள் செபமாலையோடு காத்திருந்தோம். மீட்புப் பணி போதவில்லை என்று கண்டதும் எங்கள் ஆட்களே படகுகளைத் தள்ளினார்கள். கடல் அப்போதும் அடங்கியிருக்கவில்லை. நடுங்கிய கைகளால்தான் இயந்திரத்தின் கயிற்றை இழுத்தார்கள். சிலரை உயிரோடும் சிலரை உடலாகவும் கொண்டுவந்தார்கள். பல வீடுகளுக்கு எதுவுமே வரவில்லை.

ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியது. அதே கரையிலிருந்து படகுகள் லாரிகளில் ஏறிப் பத்தனம்திட்டைக்கும் செங்கன்னூருக்கும் போயின. கேரளக் கரை முழுவதிலிருந்தும், எல்லா மதத்து மீனவர்களுமாக 669 படகுகளில் போய், 65,000 பேரையாவது காப்பாற்றினார்கள் என்பது அரசின் கணக்கு. துக்கம் ஆறாத வீடுகளிலிருந்தும் அதில் ஆள் போனது. ‘போகாதே’ என்று தடுக்க எல்லா நியாயமும் இருந்த தாய்மார், நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்பினார்கள்.

எங்கள் விசுவாசத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் 1544இன் திருமுழுக்குக் கணக்கோடு நின்றுவிடக் கூடாது. ஒக்கியில் தேடப் போனவர்களின் பெயர்களும் பங்கின் பதிவேட்டில் ஏற வேண்டும். அவர்களில் பலர் இன்றும் கடலுக்குப் போய்வருகிறார்கள். கேட்டு எழுதிக்கொள்ள இதுவே நேரம்.