உருண்டைக்கு உள்ளே என்ன இருக்கிறது?

நான் கல்லூரியில் நிலவியல் வாத்தியாராகச் சேர்ந்த காலத்தில், மலையின் மடிப்பை மாணவர்களுக்குக் காட்ட ஸ்டீரியோஸ்கோப்தான் கதி. ஒரே இடத்தை விமானத்திலிருந்து அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களைப் பக்கம் பக்கமாக வைத்து லென்ஸ் வழியே பார்த்தால் மலை எழும்பி நிற்கும். ஒருவன் பார்த்து முடித்தால்தான் அடுத்தவனுக்கு முறை. "சார், எனக்கு ரெண்டு படமாத்தான் தெரியுது" என்று ஒருவனாவது சொல்வான். டோப்போஷீட் என்ற நிலவரைபடத் தாள் கிடைப்பதும் லேசில்லை. கடலோரத் தாள்களுக்குப் பாதுகாப்புக் கட்டுப்பாடு இருந்தது.

2005 ஜூனில், பூமியைத் திரையில் ஓர் உருண்டையாகச் சுழற்றிப் பார்க்கும் கூகுள் எர்த் வந்தது. கீஹோல் என்ற சிறு நிறுவனத்தை முந்தைய ஆண்டு கூகுள் வாங்கியிருந்தது. அதன் மென்பொருள்தான் இந்தப் பெயரில் வெளியானது. ஆளாளுக்குத் தங்கள் வீட்டு மொட்டைமாடியைத் தேடினார்கள். குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம், இப்படி எல்லா இடமும் எல்லார் கண்ணிலும் படுவது ஆபத்து என்று அக்டோபரில் எச்சரித்தார். நானோ திரையிலேயே மாணவர்களை ஈரானின் ஜாக்ரோஸ் மலைத்தொடருக்குக் கூட்டிப்போனேன். அங்கே பாறை மடிப்புகள் வரிவரியாக நீண்டு கிடக்கும். அவற்றைத் துளைத்துப் பிதுங்கிய உப்பு, கருத்த நாக்காகப் பள்ளத்தாக்கில் வழிந்திருக்கும்.

ஆனால் அந்த உருண்டை பூமியின் தோலை மட்டுமே காட்டியது. கேமராவைத் தரைக்கு அடியில் விடாது. நிலவியல்காரனுக்கு வேண்டியதோ உள்ளே இருக்கிறது.

2008-ல் உருண்டையை இணைய உலாவிக்குள்ளேயே ஓட்டும் பிளக்-இன் வந்தது. அமெரிக்காவின் ஓல்டு டொமினியன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெக்லன் டி பேயரும் கூட்டாளிகளும் இதில் ஒரு யுக்தி கண்டார்கள். அடியில் போக முடியாவிட்டால் என்ன, அடியில் இருப்பதை மேலே தூக்கிவிடலாமே! பசிபிக் தட்டு மேற்கு நோக்கிப் புதைந்து இறங்கும் டோங்கா அகழியை அவர்கள் முப்பரிமாண மாதிரியாகச் செய்தார்கள். திரையில் ஒரு பட்டையை இழுத்தால், கிணற்றிலிருந்து வாளி ஏறுவதுபோல் கடலுக்குள்ளிருந்து பூமியின் ஒரு துண்டு மேலே வரும். அதன் வெட்டுமுகத்தில் தட்டு சாய்ந்து இறங்குவது தெரியும்.

அதுவரை தட்டு புதைவதை 'சப்டக்ஷன்' என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்த ஒரு மாணவி, அதைப் பார்த்ததும் கேட்டாள்: "அந்தத் தட்டு எவ்வளவு தூரம் உள்ளே போகுது சார்?" டோங்கா, ஃபிஜி பகுதியில் கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர் ஆழத்தில்கூட நிலநடுக்கம் பதிவாகிறது என்றேன். அன்றைய பாடம் அந்தக் கேள்வியிலேயே ஓடியது.

பிளக்-இன் நிலைக்கவில்லை. பாதுகாப்புக் கோளாறுகளால் உலாவிகள் பிளக்-இன்களை ஏற்கும் பழைய முறையையே கைவிட்டன. 2017 ஜனவரியில் சேவை நின்றது. அதை நம்பி எழுதிய பாடப்பக்கங்கள் எல்லாம் செயலிழந்தன. பிளக்-இன் வேண்டாத, மூலநிரல் திறந்த சீசியம் என்ற உருண்டை மென்பொருள் 2012-லேயே வெளியாகியிருந்தது. தரையை ஒளிபுகச் செய்து அடியில் பார்க்கும் வசதி அதில் 2020-ல் சேர்ந்தது.

இதற்கிடையே தப்பிப் பிழைத்தது, இடங்களையும் அவற்றின் விவரங்களையும் உருண்டைமேல் குறிக்கும் கேஎம்எல் கோப்பு. 2008-லேயே அது பொதுத் தரமாகிவிட்டதால், எந்த ஒரு நிறுவனத்தின் தயவும் அதற்குத் தேவைப்படவில்லை. பாறையின் சாய்வையும் திசையையும் குறித்த அன்றைய கோப்பு இன்றும் திறக்கிறது. புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான்: காட்டும் கருவி எதுவாகவும் இருக்கட்டும், களத்தில் அளந்ததை மட்டும் பொதுத் தரத்தில் எழுதி வையுங்கள்.