அலைக்கு முன் வந்த குரல்: நல்லவாடும் கொத்மலையும் நம்ம ஊரும்



கொஞ்சம் நீளமான பதிவு. மாரி தொடங்க முன்னர் எல்லோரும் ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

2004 டிசம்பர் 26 அன்று சுமாத்ரா பக்கம் கடலடி நிலம் நடுங்கியபோது நம் நாட்டில் காலை 7 மணி கூட ஆகவில்லை. அந்த அலை நமது கிழக்குக் கரைக்கு வந்து சேர ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. ஒரு மனிதன் நடந்தே தப்பக்கூடிய நேரம் அது. ஆனால் கரையில் இருந்த நம் மக்களுக்கு எச்சரிக்கை எதுவும் வந்து சேரவில்லை. கிண்ணியா ஆஸ்பத்திரியையே கடல் அடித்துப் போனது. நாடு முழுக்க 30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மூதூர், கிண்ணியா பக்கம் சொந்தக்காரர் இல்லாத வீடு நம்மில் குறைவு. அந்தத் துயரத்தை இங்கே விரித்துச் சொல்லத் தேவையில்லை.

அதே நாள், அதே அலை, புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாடு என்ற மீனவக் கிராமத்துக்கும் போனது. அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்தார். நிலநடுக்கச் செய்தியைப் பார்த்ததும் வீட்டுக்குப் போன் எடுத்தார். கடல் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது என்று தங்கை சொன்னார். உடனே ஊரை விட்டு ஓடுங்கள், மற்றவர்களுக்கும் சொல்லுங்கள் என்றார் அவர். ஊரார் அங்கிருந்த அறிவு மையத்தின் கதவை உடைத்து, உள்ளே இருந்த மைக்கில் அறிவித்தார்கள். சுமார் 150 வீடுகளும் 200 படகுகளும் அழிந்தன. 3,600க்கும் அதிகமான அந்த ஊர் மக்கள் உயிர் தப்பினார்கள்.

ஒரு போன் அழைப்பு, ஒரு மைக். இதைத் தற்செயல் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த மைக் அங்கே ஏன் இருந்தது என்பதில்தான் நமக்கான பாடம் உள்ளது.

1998இல் சென்னையிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் சர்வதேச அபிவிருத்தி ஆய்வு மையத்தின் உதவியோடு, புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. அவர்கள் முதலில் கணினியோடு வரவில்லை, கேள்வியோடு வந்தார்கள். உங்களுக்குச் செய்தி யார் மூலம் வருகிறது என்று கேட்டார்கள். பக்கத்து வீட்டார், கடைக்காரர், சந்தை என்று பதில் வந்தது. எது தெரிய வேண்டும் என்று கேட்டார்கள். விவசாயி நெல் விலையும் உர விலையும் கேட்டார். பெண்கள் ஆஸ்பத்திரி விபரமும் அரசாங்க உதவித் திட்டங்களும் கேட்டார்கள். கடலுக்குப் போகிறவர் அலை எவ்வளவு உயரம் என்று கேட்டார்.

அதற்குப் பிறகுதான் கருவிகள் வந்தன. வில்லியனூர் தலைமை மையம். அங்கிருந்து ஊர்களுக்கு வயர்லெஸ் மூலம் பேச்சும் தகவலும் போயின. மின்சாரம் அடிக்கடி நின்றதால் சூரிய மின்கலம் வைத்தார்கள். தகவல் எல்லாம் தமிழில். மையங்களை நடத்தியவர்களில் பலர் அந்தந்த ஊர்ப் பெண்கள். ஊர் இடம் கொடுக்க வேண்டும், சாதி பார்க்காமல் எல்லோரும் உள்ளே வர வேண்டும் என்பது நிபந்தனை.

வீராம்பட்டினம் கரையில் என்ன செய்தார்கள் தெரியுமா? அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்தில் இருந்து அலை உயரத் தகவலை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வலை பொத்திக்கொண்டிருப்பவர் எழுந்து வந்து கணினித் திரை பார்க்க மாட்டார். காதுக்குப் போனால் கேட்பார். அன்றாட வேலைக்கு வைத்த அந்த மாதிரி ஒலிபெருக்கிதான் நல்லவாட்டில் ஆபத்து நாளில் ஊரைக் காப்பாற்றியது. தினமும் கேட்டுப் பழகிய குரல் என்றால் மக்கள் நம்பி எழுந்து ஓடுவார்கள்.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. மகாவலித் திட்டக் காலத்தில் 1989இல் கொத்மலையில் சமூக வானொலி தொடங்கியது. 1990களின் கடைசியில் யுனெஸ்கோ உதவியோடு அங்கே இணையமும் வந்தது. அப்போது கிராமத்தில் எத்தனை பேருக்குக் கணினி? நேயர்கள் கடிதத்திலும் போனிலும் கேள்வி அனுப்பினார்கள். அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி, ஆங்கிலத்தில் இருந்ததைச் சிங்களத்தில் வானொலியில் விளக்கினார்கள். மருத்துவ விஷயம் என்றால் டாக்டரைக் கூட்டிவந்து பேசவைத்தார்கள். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் இணைய வசதி வைத்தார்கள். கேட்பவர் கேள்வி கேட்கலாம், பதில் வரும். அதுதான் அதன் பலம்.

கொத்மலையைத் தாண்டி ஓடும் அதே தண்ணீர்தான் மகாவலி வழியே கொட்டியாரக் குடாவுக்கும் வெருகலுக்கும் வருகிறது.

2004க்குப் பிறகு நிறைய மாறியிருக்கிறது. 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. 117 என்ற இலக்கம் வந்தது. கரையோரங்களில் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. 2012 ஏப்ரல் 11இல் சுமாத்ரா பக்கம் மறுபடி பெரிய நடுக்கம் வந்தபோது எச்சரிக்கை கிடைத்து, கரையோர மக்கள் முன்கூட்டியே விலகினார்கள். அல்ஹம்துலில்லாஹ், பெரிய சுனாமி வரவில்லை.

ஆனால் கிளிவெட்டிக்கு அடிக்கடி வரும் ஆபத்து சுனாமி அல்ல, வெள்ளம். மனம்பிட்டியில் ஆறு இத்தனை மீற்றர் என்று நீர்ப்பாசனத் திணைக்களம் அளவு சொல்கிறது. அந்த எண் நம் போனுக்கும் வருகிறது. வயலில் நிற்கும் காக்காவுக்கும், மாடு கட்டியிருக்கும் அண்ணனுக்கும், தனியாக இருக்கும் மூதாட்டிக்கும் அந்த எண் என்ன சொல்கிறது? இன்றிரவு மாட்டை மேட்டுக்குக் கொண்டு போ என்று சொன்னால் தான் அது செய்தி. எண்ணை அந்த வசனமாக மாற்றுவதற்கு ஊரில் ஆள் வேண்டும்.

ஆகவே நாம் மஷூரா செய்து செய்யக்கூடிய நான்கு காரியங்கள்:

ஒன்று, முன்னைய வெள்ளங்களில் மனம்பிட்டியில் எந்த அளவு இருந்தபோது நம் ஊரில் எந்த வீதி வரை தண்ணீர் வந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுவோம். பாடசாலைப் பிள்ளைகள் இதைச் செய்வார்கள்.

இரண்டு, பள்ளிவாசல் மைக்கும் கோயில் மைக்கும் ஒரே நேரத்தில் ஒரே வசனத்தைச் சொல்ல ஏற்பாடு செய்வோம். மின்சாரம் போனாலும் இயங்க ஒரு பெற்றரி வேண்டும்.

மூன்று, போன் இல்லாதவர், காது கேளாதவர், நடக்க முடியாதவர் இருக்கும் வீடுகளின் பட்டியல். ஒவ்வொரு வீட்டுக்கும் போக ஓர் இளைஞர்.

நான்கு, தண்ணீர் எங்கே ஏறுகிறது என்று ஊரார் திருப்பிச் சொல்ல ஓர் இலக்கம். அதைக் கிராம உத்தியோகத்தருக்கும் உடனே கொடுப்போம்.

இதற்குப் பெரிய செலவு இல்லை. புதுச்சேரி மீனவருக்கும் கொத்மலை விவசாயிக்கும் உதவியது விலை கூடிய கருவி அல்ல, அவர்களைக் கேட்டுச் செய்த ஏற்பாடு.

பழைய வெள்ளங்களில் உங்கள் வீட்டடியில் தண்ணீர் எதுவரை வந்தது, எந்த வருடம் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு இந்தப் பதிவின் கீழ் எழுதுங்கள். முதலாவது காரியத்தை இன்றைக்கே தொடங்கிவிடலாம், இன்ஷா அல்லாஹ்.