ஓஸ்லோவும் பெண்களின் ஜயண்ட் ஸ்லாலமும்

பெண்களுக்கான ஜயண்ட் ஸ்லாலம் பனிச்சறுக்குப் பந்தயம் ஒலிம்பிக்கில் முதன்முதலாக நடந்தது 1952 பிப்ரவரி 14 அன்று, நார்வேயின் நோரெஃபியெல் மலைச் சரிவில். ஓஸ்லோ ஒலிம்பிக்கில் முதலில் முடிவான பதக்கப் போட்டி அதுதான். தொடக்க விழா மறுநாள்தான் நடந்தது. பிஸ்லெட் அரங்கில் நடந்த அந்த விழாவில் மன்னர் ஹாக்கோனும் பட்டத்து இளவரசர் ஓலாவும் இல்லை; ஆறாம் ஜார்ஜ் மன்னரின் இறுதிச் சடங்குக்காக லண்டன் போயிருந்தார்கள். இளவரசி ராக்ன்ஹில்ட் போட்டிகளைத் தொடங்கிவைத்தார். அதற்குள் ஒரு தங்கப் பதக்கம் முடிவாகிவிட்டிருந்தது.

ஜயண்ட் ஸ்லாலம் அப்போது புதிய பந்தயம். ஸ்லாலமில் கம்பங்கள் நெருக்கமாக நிற்கும். வீராங்கனை நொடிக்கொரு தரம் உடலை ஒடித்துத் திரும்ப வேண்டும். டவுன்ஹில்லில் வேகமே எல்லாம். இரண்டுக்கும் இடைப்பட்டது ஜயண்ட் ஸ்லாலம்: கொடித்துணி கட்டிய வாயில்கள் தள்ளித் தள்ளி நடப்பட்டிருக்கும், வளைவுகள் அகலமானவை, வேகமும் உண்டு. 1935இல் இத்தாலியின் மொட்டரோனே மலையில் இது சோதித்துப் பார்க்கப்பட்டது. உலகச் சாம்பியன் போட்டியில் சேர்ந்தது 1950இல், அமெரிக்காவின் ஆஸ்பெனில். அங்கே பெண்கள் பிரிவில் வென்றவர் ஆஸ்திரியாவின் டாக்மர் ரோம்.

ஓஸ்லோ நகருக்கு அருகில் போதிய உயரமுள்ள மலை இல்லை. ஆகவே நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த நோரெஃபியெல் தேர்வானது. அங்கே போய்ச் சேர வழி வேண்டுமே. க்ரூடரன் ஏரியின் குறுக்கே பாலம் கட்டினார்கள், சாலை போட்டார்கள், மலையேற்றும் லிஃப்ட் அமைத்தார்கள். இத்தனையும் செய்த பிறகு வானம் கைவிட்டது. அந்தக் குளிர்காலத்தில் பனி போதவில்லை. சரிவுகளில் பனியைக் கையால் அள்ளிக் கொட்ட வேண்டியிருந்தது.

பந்தயம் ஒரே ஓட்டம். வென்றவர் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த அன்ட்ரியா மீட் லாரன்ஸ், வயது 19. அவர் எடுத்துக்கொண்ட நேரம் 2 நிமிடம் 6.8 நொடி. ஆஸ்பென் சாம்பியன் ரோம் 2.2 நொடி பின்தங்கி இரண்டாம் இடம்; ஜெர்மனியின் அன்னெமாரி புக்னர் மூன்றாம் இடம். இன்றைய ரசிகர் கண்ணுக்கு 2.2 நொடி என்பது ஒரு யுகம். பிப்ரவரி 20 அன்று, ஓஸ்லோ நகர எல்லைக்குள்ளேயே இருந்த ரோட்கிளைவா சரிவில் ஸ்லாலம் நடந்தது. முதல் ஓட்டத்தில் லாரன்ஸ் விழுந்தார். எழுந்து மேலே ஏறிப் போய், தவறவிட்ட வாயிலைக் கடந்து, மீண்டும் இறங்கினார். இரண்டாம் ஓட்டத்தில் எல்லோரையும் மிஞ்சி அதிலும் தங்கம் வாங்கினார். 1952 ஒலிம்பிக்கின் ஆல்ப்ஸ் வகைப் பந்தயங்களில் இதற்கு இணையாகச் சொல்ல வேறொன்று இல்லை.

அன்று ஓஸ்லோவின் தென்கோடியில் இருந்த ஹவுகெட்டோ போன்ற பகுதியின் ரசிகருக்கு நோரெஃபியெல் பந்தயம் காதில் விழுந்த செய்திதான். அப்பகுதி ஆக்கர் நகராட்சியிலிருந்து ஓஸ்லோவோடு இணைந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. ரயிலில் நகர மையத்துக்கும், அங்கிருந்து ஹொல்மன்கொல்லன் குன்றுக்கும் போய்விடலாம், நோரெஃபியெல் அப்படியில்லை. வானொலியும் நாளிதழும்தான் துணை. நார்வேயில் தொலைக்காட்சி முறையாகத் தொடங்கியதே 1960இல். கூட்டமும் வேறு பக்கம் போனது: ஹொல்மன்கொல்லனில் பனித்தாண்டல் பார்க்க லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். பனிச்சறுக்கு என்றால் நெடுந்தூர ஓட்டமும் தாண்டலும்தான் என்பது நார்வேக்காரர்களின் எண்ணம். மலைச்சரிவில் இறங்குவது ஆல்ப்ஸ்காரர்களின் கலை, அதிலும் பெண்கள் இறங்குவது ஒரு துணைக்காட்சி என்ற அலட்சியம் அப்போது இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

இத்தனைக்கும் நார்வே பெண்களின் தொடக்கம் மோசமில்லை. ஓஸ்லோவைச் சேர்ந்த லைலா ஷோவ் நில்சன் அடிப்படையில் பனித்தள வேக ஓட்டக்காரர். 1936 ஒலிம்பிக்கில் பெண்களுக்கு அந்தப் பிரிவே இல்லாததால் மலைச்சரிவுப் பந்தயத்துக்கு வந்தார். டவுன்ஹில் பகுதியில் முதலாவதாக வந்து, கூட்டுப் போட்டியில் வெண்கலம் பெற்றார். அதற்குப் பிறகு ஒலிம்பிக்கில் நீண்ட வறட்சி. ஆண்கள் பக்கம் கதை வேறு: 1952இல் ஸ்டைன் எரிக்சன் ஜயண்ட் ஸ்லாலம் தங்கம் வென்றார், பிற்காலத்தில் ஓஸ்லோக்காரரான ஷெட்டில் அன்ட்ரே ஓமுட் எட்டு ஒலிம்பிக் பதக்கங்கள் சேர்த்தார். பெண்களில் அன்ட்ரினே ஃப்ளெம்மன் 1999 உலகச் சாம்பியன் போட்டியின் ஜயண்ட் ஸ்லாலமில் வெள்ளி பெற்றது ஓர் ஆறுதல்.

இதற்கிடையே பந்தயமும் மாறியது. 1980 முதல் ஒலிம்பிக்கில் பெண்களுக்கும் இரண்டு ஓட்டங்கள். உலகக் கோப்பையில் முதல் ஓட்டத்தின் சிறந்த 30 பேர் இரண்டாவதற்குத் தகுதி பெறுகிறார்கள். 30ஆவதாக வந்தவர் முதலில் இறங்குவார், முதலாவதாக வந்தவர் கடைசியில். ரசிகரைக் கட்டிப்போடுவது இந்த ஏற்பாடுதான். திரையில் இடைநேரம் பச்சையில் தெரிந்தால் முன்னிலை, சிவப்பில் தெரிந்தால் பின்னடைவு. கடைசி நாலைந்து பேர் இறங்கும்போது நொடியில் நூறில் ஒரு பங்குக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். 1994இல் லில்லஹாமர் ஒலிம்பிக்கின்போது இந்தப் பந்தயம் ஹாஃப்யெல் மலைக்கு வந்தது. இத்தாலியின் டெபோரா கொம்பஞோனி வென்றார். ஓஸ்லோவில் 2018, 2019 புத்தாண்டு நாட்களில் ஹொல்மன்கொல்லனில் இருவர் இருவராக இறங்கும் இணை ஸ்லாலம் நடந்தது. ஹவுகெட்டோ ரசிகர் ரயிலிலேயே போய்ப் பார்க்கக்கூடிய பந்தயம் அது. பழைய ரோட்கிளைவா சரிவோ 1980களின் இறுதியிலேயே மூடப்பட்டுவிட்டது.

நார்வே பெண்களின் ஒலிம்பிக் வறட்சி நீங்கியது 2018இல், தென்கொரியாவின் பியொங்சாங்கில். மொல்டே ஊரைச் சேர்ந்த ராக்ன்ஹில்ட் மோவிங்கெல் ஜயண்ட் ஸ்லாலமில் வெள்ளி வென்றார். தங்கம் வென்ற மிக்காயிலா ஷிஃப்ரினிடம் தவறவிட்டது 0.39 நொடி. லைலா நில்சனின் வெண்கலத்துக்குப் பிறகு 82 ஆண்டுகள் கழித்து ஆல்ப்ஸ் வகைப் போட்டிகளில் நார்வேப் பெண் ஒருவருக்குக் கிடைத்த ஒலிம்பிக் பதக்கம் அது. 2023 உலகச் சாம்பியன் போட்டியில் அதே பந்தயத்தில் வெண்கலமும் பெற்று, 2024இல் அவர் ஓய்வு பெற்றார்.

1952 முதல் 2022 வரை 19 ஒலிம்பிக்குகளில் இந்தப் பந்தயம் நடந்தது. அண்டை நாடான சுவீடன் இரண்டு முறை தங்கம் வென்றது, 1992இல் பெர்னில்லா விபெரி, 2022இல் சாரா ஹெக்டர். பந்தயத்தை ஒலிம்பிக்குக்கு அறிமுகம் செய்த நார்வேயின் பெண்கள் ஒருமுறையும் வெல்லவில்லை.